டோர்னமெண்ட் போதும், ஒரு சீசன் கொடுங்கப்பா

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து என்றால் இப்போது நம்ம ஊரிலும் சிலருக்கு கெய்ட்லின் கிளார்க் பெயர் தெரிந்திருக்கிறது. 2024 ஏப்ரல் 7 அன்று அயோவாவும் சவுத் கரோலினாவும் மோதிய இறுதி ஆட்டத்தை சராசரியாக 1.89 கோடி பேர் டிவியில் பார்த்தார்கள். மறுநாள் நடந்த ஆண்கள் இறுதி ஆட்டத்துக்கு 1.48 கோடி பேர்தான். பெண்கள் ஆட்டம் ஆண்கள் ஆட்டத்தைத் தாண்டியது அதுவே முதல் முறை. அயோவா 87-75 என்று தோற்றது. சவுத் கரோலினா அந்த வருஷம் ஆடிய 38 ஆட்டத்தையும் ஜெயித்தது.

இதெல்லாம் எல்லாரும் எழுதியாச்சு. நான் சொல்ல வந்தது அதற்கு முந்தைய மூன்று மாதக் கதை. டிசம்பரில் தொடங்கி மார்ச் முதல் வாரம் வரை ஓடும் கான்ஃபரன்ஸ் சீசன். கோப்பை, கண்ணீர், கட்டிப்பிடித்தல் எல்லாம் அதற்கு அப்புறம்தான் வரும். என்னைக் கேட்டால், ஒரு அணியை உருவாக்குவதும், அந்த அணிக்கு ஒரு ஊரையே உருவாக்கித் தருவதும் இந்த மூன்று மாதம்தான். நம்ம கல்லூரிப் பெண்களுக்குக் கிடைக்காமல் போனதும் இதுதான்.

புனேவில் பொட்டி தட்டுகிற திண்டுக்கல்காரனுக்கு அயோவா மேல் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். 2008-லிருந்து இரண்டு வருஷம் ஆன்சைட் என்ற பெயரில் டி மாய்ன் நகரத்தில் கிடந்தேன். இன்சூரன்ஸ் கம்பெனிகள் நிறைந்த ஊர். சுற்றிலும் சோளக்காடு, ஜனவரியில் மூக்கு உறைகிற குளிர். அங்கே எங்கள் டீமில் ஐம்பது வயது தாண்டிய ஒரு அம்மா இருந்தார். டெஸ்டிங் லீட். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கூடைப்பந்தில் வந்து முடியும். "நான் ஸ்கூல்ல ஆடினது ஆறு பேர் ஆட்டம்" என்பார். எனக்கு அது அப்போது புதுச் செய்தி. அந்த ஊரை விட்டு வந்தும் அந்த அணி மட்டும் கூடவே வந்துவிட்டது.

குளிர்காலத்தில் அவர்களுக்கும் நமக்கும் பதினொன்றரை மணி நேர வித்தியாசம். அங்கே வியாழக்கிழமை இரவு 7 மணி ஆட்டம் என்றால் இங்கே வெள்ளிக்கிழமை காலை 6.30. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது இரண்டாவது கால்பகுதி ஓடிக்கொண்டிருக்கும். இணையத்தில் வானொலி வர்ணனை, பக்கத்தில் லைவ் ஸ்கோர். ஞாயிறு மதிய ஆட்டம் என்றால் நமக்கு இரவு 11.30. திங்கள்கிழமை காலை மீட்டிங்கில் நான் ஏன் கொட்டாவி விடுகிறேன் என்று மேனேஜருக்கு இன்றுவரை தெரியாது :-)

முதலில் கான்ஃபரன்ஸ் என்றால் என்ன? ஒரு பிராந்தியத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து வைத்திருக்கும் கூட்டணி. அயோவா இருப்பது பிக் டென். பேர்தான் டென், 2023-24 சீசனில் 14 பல்கலைக்கழகங்கள், 2024 ஆகஸ்டிலிருந்து 18. ஒவ்வொரு அணிக்கும் 18 கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள். பாதி சொந்த ஊரில், பாதி வெளியூரில். வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. நடுவில் வகுப்பு, பரீட்சை, பயணம். இதெல்லாம் முடிந்த பிறகு கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட். அதற்கும் பிறகுதான் நாடு முழுக்க அணிகள் மோதும் என்.சி.ஏ.ஏ. நாக் அவுட்.

இந்த ஏற்பாட்டின் ருசி எங்கே இருக்கிறது தெரியுமா? ஒரே எதிரியைத் திரும்பத் திரும்பச் சந்திப்பதில். 2024-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 13-ல் அயோவா தன் ஊரில் இந்தியானாவை 84-57 என்று நசுக்கியது. 27 புள்ளி வித்தியாசம். பிப்ரவரி 22-ல் இந்தியானா ஊருக்குப் போனது. 86-69 என்று தோல்வி. நாற்பது நாளில் 27 கூட்டல், 17 கழித்தல். அதே பெண்கள்தான், அதே பந்துதான். நடுவில் இந்தியானாக்காரர்கள் உட்கார்ந்து பாடம் படித்திருக்கிறார்கள்.

நெப்ராஸ்கா கதை இன்னும் சுவாரசியம். ஜனவரி 27-ல் அயோவா 92-73 என்று ஜெயித்தது. பிப்ரவரி 11-ல் நெப்ராஸ்காவின் ஊரில் கடைசிக் கால்பகுதியில் முன்னிலையில் இருந்துவிட்டு 82-79 என்று கோட்டை விட்டது. அன்றைக்கு கிளார்க் 31 புள்ளி எடுத்தார். ஆனால் கடைசிக் கால்பகுதியில் ஒரு புள்ளி கூட இல்லை. என்.சி.ஏ.ஏ. பெண்கள் சாதனைக்கு இன்னும் 8 தேவை என்ற நிலையில் ஆட்டம் முடிந்துவிட்டது. மார்ச் 10, கான்ஃபரன்ஸ் டோர்னமெண்ட் இறுதி, மினியாபொலிஸ். எதிரே மறுபடியும் அதே நெப்ராஸ்கா. கூடுதல் நேரம் வரை போய் 94-89 என்று அயோவா கோப்பையை எடுத்தது. ஆறு வாரத்தில் மூன்று சந்திப்பு. நாக் அவுட்டில் இப்படி ஒரு கதை வராது. அங்கே தோற்றவன் பதில் சொல்ல வாய்ப்பே இல்லாமல் பெட்டியைக் கட்டிவிடுவான்.

அந்த சீசனில் அயோவாவின் கான்ஃபரன்ஸ் கணக்கு 15 வெற்றி, 3 தோல்வி. முதலிடம் அவர்களுக்கு இல்லை. 16-2 என்று ஒஹாயோ ஸ்டேட் எடுத்துக்கொண்டது. மூன்று தோல்வியும் வெளியூரில்தான். இதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். உலகமே கொண்டாடிய அணி, வாரா வாரம் நடந்த கணக்கில் இரண்டாவதுதான். நட்சத்திரம் ஒருவர் இருந்தாலும், அடுத்தவர் ஊரில் குளிரில் இறங்கி அவர்கள் கத்தலுக்கு நடுவே ஜெயிப்பது வேறு வித்தை.

இன்னொன்றும் உண்டு. சீசன் நீளமாக இருந்தால் நட்சத்திரம் அல்லாதவர்களுக்கும் ஒரு நாள் வரும். பிப்ரவரி 8-ல் பென் ஸ்டேட்டுக்கு எதிராக ஹன்னா ஸ்டுல்கி என்ற இரண்டாம் ஆண்டு மாணவி 47 புள்ளி எடுத்தார். கிளார்க் இருக்கும் அணியில் வேறொருத்தி 47! மார்ச் 3 ஆட்டத்தில் மோலி டேவிஸ் காயம்பட்டு விழுந்தபோது, அதுவரை பெரும்பாலும் பெஞ்சில் இருந்து வந்துகொண்டிருந்த சிட்னி அஃபோல்டர் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். மூன்று நாள் டோர்னமெண்டில் பெஞ்சில் இருப்பவள் பெஞ்சிலேயே இருந்துவிட்டு வீட்டுக்குப் போவாள். மூன்று மாதம் ஓடினால்தான் அவள் யார் என்று கோச்சுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சாதனைகளும் இப்படி வாரா வாரம்தான் விழுந்தன. பிப்ரவரி 15-ல் மிச்சிகனுக்கு எதிராக கெல்சி பிளமின் 3,527 புள்ளிகள். பிப்ரவரி 28-ல் மினசோட்டாவில் லினெட் வுட்டார்டின் 3,649. மார்ச் 3-ல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக ஆண்களில் பீட் மராவிச் வைத்திருந்த 3,667. இதில் எனக்கு முக்கியம் நடுவில் இருப்பது. வுட்டார்ட் 1977-லிருந்து 1981 வரை கன்சாஸுக்கு ஆடியவர். என்.சி.ஏ.ஏ. பெண்கள் கூடைப்பந்துக்குப் போட்டி நடத்த ஆரம்பித்ததே 1981-82-ல்தான். அதனால் அவர் எடுத்த புள்ளிகள் அதிகாரபூர்வ ஏட்டில் வரவே இல்லை. பெண்கள் ஆடியது எங்கேயும் எழுதப்படாமல் போவது நம்ம ஊர் வியாதி மட்டும் இல்லை பாருங்கள்.

"கிளார்க் மாதிரி ஒரு பெண் வந்ததால் கூட்டம் வந்தது, நமக்கும் ஒருத்தி வரட்டும், பார்க்கலாம்" என்று ஒரு வாதம் உண்டு. தலைகீழ் வாதம். கூட்டம் அங்கே ஏற்கெனவே இருந்தது.

அந்த டெஸ்டிங் லீட் அம்மா சொன்ன ஆறு பேர் ஆட்டத்துக்கு வருவோம். அயோவா பள்ளிப் பெண்கள் 1993 வரை இதைத்தான் ஆடினார்கள். மூன்று பேர் கூடையில் போட, மூன்று பேர் தடுக்க. நடுக்கோட்டை யாரும் தாண்டக் கூடாது. பந்தை இரண்டு தடவைக்கு மேல் தட்டக் கூடாது. பெண்கள் உடம்பு தாங்காது என்ற பழைய நினைப்பில் வந்த விதிகள்தான். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அதையே திருவிழா ஆக்கிவிட்டார்கள். 1968 மாநில இறுதி ஆட்டம் டி மாய்னில் நடந்தது. யூனியன்-விட்டன் அணி எவர்லியை கூடுதல் நேரத்தில் 113-107 என்று ஜெயித்தது. ஒரு பக்கம் டெனிஸ் லாங் 64 புள்ளி, மறுபக்கம் ஜெனட் ஓல்சன் 76. சின்னச் சின்ன கிராமத்துப் பள்ளிகள் இவை. தன் ஊர்ப் பெண் ஆடுவதைப் பார்க்க ஊரே கடையைச் சாத்திவிட்டுக் கிளம்புவது அங்கே பரம்பரைப் பழக்கம்.

அதற்கு மேல் சட்டம் வந்தது. 1972-ன் டைட்டில் நைன், மத்திய அரசு பணம் வாங்கும் கல்வி நிறுவனம் ஆண் பெண் என்று பாகுபாடு பார்க்கக் கூடாது என்றது. சட்டம் தானாக வேலை செய்யாது அல்லவா? அயோவா பல்கலைக்கழகத்தில் 1973 முதல் 2000 வரை பெண்கள் விளையாட்டுத் துறைக்குத் தலைவராக இருந்த கிறிஸ்டின் கிராண்ட் அதற்காக வாழ்க்கையையே கொடுத்தார். அவர் காலத்தில் விவியன் ஸ்டிரிங்கர் கோச்சாக வந்தார். 1985 பிப்ரவரி 3-ல், அதே ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிரான ஒரு கான்ஃபரன்ஸ் ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 22,157. அரங்கம் கொள்வதே பதினைந்தாயிரம் சொச்சம்தான். அப்போது கிளார்க் பிறக்கவே இல்லை.

கிளார்க் போன பிறகும் பாருங்கள். கோச் லிசா ப்ளூடர் 24 வருஷத்துக்குப் பிறகு 2024 மே மாதம் ஓய்வு பெற்றார். பல வருஷம் அவருக்குத் துணையாக இருந்த ஜான் ஜென்சன் பொறுப்புக்கு வந்தார். அடுத்த ஜனவரியில் தொடர்ந்து ஐந்து தோல்வி. ஆனால் 2025 பிப்ரவரி 2-ல், கிளார்க்கின் 22-ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்த அன்று, நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்றான யு.எஸ்.சி.யை 76-69 என்று சாய்த்தார்கள். நட்சத்திரம் மேடையில் வேடிக்கை பார்க்க, மிச்சம் இருந்தவர்கள் ஜெயித்தார்கள்.

அங்கே எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. கால்பந்து டிவி பணத்துக்காக மேற்குக் கரையின் பேக்-12 கான்ஃபரன்ஸ் 2024-ல் சிதறியது. பசிபிக் கரையோரம் இருக்கும் ஸ்டான்ஃபோர்டு இன்று அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸில் ஆடுகிறது! லாஸ் ஏஞ்சல்ஸ் மாணவிகள் பிக் டென் ஆட்டத்துக்காக நியூ ஜெர்சி வரை நாலாயிரம் கிலோமீட்டர் பறக்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பகை என்ற கான்ஃபரன்ஸின் உயிரையே பணம் தின்றுகொண்டிருக்கிறது. அதைக் காப்பியடிக்க நான் சொல்லவில்லை.

நான் காட்டுவது வேறு. அதே அயோவா மாநிலத்தில் வார்ட்பர்க், கோ, லூதர், சிம்ப்சன் என்று சின்னக் கல்லூரிகள் இருக்கின்றன. என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவு. விளையாட்டுக்கு என்று ஒரு டாலர் கூட ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆனால் அவர்களுக்கும் கான்ஃபரன்ஸ் உண்டு. ஒருவர் ஊருக்கு ஒருவர் போய் ஆடும் சீசன் உண்டு. அம்மா அப்பா, ரூம்மேட், பக்கத்துத் தெரு தாத்தா என்று அளவான கூட்டமும் உண்டு. கோடி டாலர் இல்லாமலும் சீசன் நடக்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

இப்போது நம்ம கதை. பல்கலைக்கழகத்துக்குள் கல்லூரிகளுக்கு இடையே ஒரு டோர்னமெண்ட். அதில் தேர்வானவர்களை வைத்து பல்கலைக்கழக அணி. அந்த அணி இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நடத்தும் மண்டலப் போட்டிக்குப் போகும். அங்கே தேறினால் அகில இந்தியப் போட்டி. 2020-லிருந்து கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகளும் சேர்ந்துகொண்டன. ஒவ்வொன்றும் சில நாட்களில் முடிந்துவிடும். ரயிலேறிப் போய், முதல் நாள் நாக் அவுட்டில் தோற்றால் மறுநாள் ரயில். வருஷம் முடிந்தது.

என் அக்கா மகள் தென் மாவட்டத்தில் ஒரு கல்லூரி அணிக்கு ஆடினாள். தினமும் காலை ஐந்தரைக்கு கிரவுண்டில் இருப்பாள். மூன்று வருஷத்தில் அவள் கல்லூரிக்காக ஆடிய ஆட்டங்கள் மொத்தம் ஒன்பது. கிளார்க் நான்கு வருஷத்தில் ஆடியது 139. திறமையை ஒப்பிடவில்லை சாமி, எண்ணிக்கையை மட்டும் பாருங்கள். நெப்ராஸ்கா ஆட்டங்களின் வீடியோவை அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். பார்த்துவிட்டு போன் பண்ணினாள். "மாமா, அவங்க தோத்தா அடுத்த வாரம் மேட்ச் இருக்கு. நாங்க தோத்தா அடுத்த வருஷம்தான்" என்றாள். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. கடைசி வருஷத்தில் ஆடுவதை நிறுத்திவிட்டாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. சண்டை இல்லை, காயம் இல்லை. காலையில் எழுந்து போவதற்கு ஒரு காரணம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

திறமை இல்லாத நாடா இது? சென்னையின் அனிதா பால்துரை இந்திய அணிக்குத் தலைமை தாங்கி 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார். கேரளத்தின் கீது அன்னா ஜோஸ் 2011-ல் அமெரிக்கா போய் மூன்று டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வில் கலந்துகொண்டார். இருவருக்கும் வேலை கொடுத்தது தெற்கு ரயில்வே. ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை நம்ம வீட்டுப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கும் தெரியும். எத்தனையோ குடும்பத்தை அது தூக்கி நிறுத்தியிருக்கிறது. ஆனால் அந்த வேலைக்குத் தேவை சான்றிதழ். சான்றிதழ் வருவது டோர்னமெண்டில். அதனால் கல்லூரி, பி.டி. மாஸ்டர், பெற்றோர் எல்லாரும் டோர்னமெண்டை மட்டும் பார்க்கிறார்கள். சனிக்கிழமை பக்கத்துக் கல்லூரியோடு ஆடினால் யாரும் முத்திரை குத்தித் தர மாட்டார்கள். ஆகவே அந்த ஆட்டம் நடப்பதே இல்லை.

இதற்கு டெல்லியிலிருந்து திட்டம் வர வேண்டியதில்லை. ஒரு மாவட்டத்தைச் சுற்றி பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கும் எட்டுக் கல்லூரிகள் போதும். ஒருவருக்கு ஒருவர் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று. ஆளுக்கு 14 ஆட்டம். பதினான்கு சனிக்கிழமையில் 56 ஆட்டம் முடிந்துவிடும். காலையில் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம். வெளியூரில் இரவு தங்க வேண்டாம் என்பதால் "பொம்பளப் புள்ளைய எப்படி அனுப்புறது" என்ற கேள்விக்கும் பதில் ஆச்சு. செலவு கல்லூரி பஸ்ஸுக்கு டீசல், நடுவருக்குப் படி, ஆளுக்கு ஒரு சாப்பாட்டுப் பொட்டலம். ஆண்டு விழாவுக்கு சினிமாக்காரரைக் கூப்பிட்டு மேடை போடும் காசில் ஒரு சீசனே ஓடும்.

பரீட்சை வருமே என்பார்கள். அங்கேயும் வரும். யார் பார்க்க வருவார்கள் என்பார்கள். முதல் சனிக்கிழமை யாரும் வர மாட்டார்கள்தான். போன மாதம் நம்மை அடித்துவிட்டுப் போன கல்லூரி இன்றைக்கு நம்ம ஊருக்கு வருகிறது என்று சேதி பரவினால் ஹாஸ்டலே வந்து நிற்கும். அதற்குத் தேவை விளம்பரம் இல்லை, இரண்டாவது ஆட்டம். அன்றைக்கு மட்டும் கேட்டைத் திறந்து வையுங்கள். பக்கத்துத் தெருப் பெண் குழந்தைகள் எட்டிப் பார்க்கட்டும். ஸ்கோரை எழுதி வையுங்கள். யார் எத்தனை புள்ளி எடுத்தாள் என்று ஒரு நோட்டிலாவது இருக்கட்டும்.

கல்லூரி முதல்வர்கள், உடற்கல்வி ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த வருஷம் எட்டு வேண்டாம், நாலு கல்லூரியோடு ஆரம்பியுங்கள். ஆளுக்கு ஆறு ஆட்டம். கோப்பை கூட வேண்டாம். சனிக்கிழமை தோற்ற ஒரு பெண் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்கு, "வர்ற வாரம் பார்த்துக்கிறேன்" என்று பந்தை எடுத்துக்கொண்டு கிரவுண்டுக்கு வந்தால் போதும்.